சீண்டாத சர்க்கரைத் தண்ணீர்

பாப்பா அப்பாவுக்கு, நான் சுகம். உங்கள் இருமல் நின்றதா?

இங்கே ஆராய்ச்சி எலிகளின் கூண்டு கழுவுகிறேன். குட்டியிலேயே தாயைப் பிரிந்த எலிகள் சர்க்கரைத் தண்ணீரை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. "இதுங்களுக்கு எவ்வளவு கொழுப்பு பாருங்க" என்று சிரித்தேன்.

எலிகளை ஆராயும் டாக்டரம்மா, "கொழுப்பில்லம்மா. சின்னதுல பட்ட பயத்துல, சந்தோஷத்த உணர்ற மூளை நரம்பு மந்தமாயிடுச்சு" என்றார்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. பெரியவனைப் பறிகொடுத்த கையோடு, பால்குடி மறக்காத பாப்பாவையும் இந்த வேலைக்காக விட்டு வந்தேனே. நான் அனுப்பிய பொம்மையை அவள் பிரிக்கவில்லை, கொழுப்பு என்று நீங்கள் எழுதியபோது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"மாறுமா டாக்டரம்மா?"

"கூடவே ஒருத்தர் இருந்தா மாறலாம்."

பாப்பாவைத் திட்டாதீர்கள். பக்கத்தில் சும்மா உட்காருங்கள். செருப்பு வாங்க அவள் கால் அளவைத் தாளில் வரைந்து அனுப்புங்கள். செருப்பை அனுப்பமாட்டேன், நானே வந்து போட்டுவிடுகிறேன். மணி அடிக்கிறது, கூண்டுகள் காத்திருக்கின்றன.

பாப்பா அம்மா