மணிக்கட்டில் என் விரல்கள்

ஆடி முதல் ஞாயிறு, இரவு

இன்றும் மாஸ்டர் சுதாவைத்தான் கூப்பிட்டார். மாமல்லபுரம் மணலில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்க்க, அவரைத் தாக்கப் போய், அவர் வீச, விழுந்து காட்டுவதற்கு. ஐகிடோ என்ற இந்தத் தற்காப்புக் கலையில் விழக் கூப்பிடுவதுதான் மரியாதை. நம்பிக்கை உள்ளவரைத்தான் கூப்பிடுவார். மூன்று வருடமாக அந்த இடம் என்னுடையது. அவள் கூடுவாஞ்சேரியிலிருந்து வர ஆரம்பித்ததே பொங்கலுக்குப் பிறகுதான்.

சுதா அலுங்காமல் விழுந்து, சிரித்துக்கொண்டே எழுந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. மனம் அடங்கத்தான் இந்த வகுப்புக்குப் போகிறேன் என்று வீட்டில் பெருமை பேசியிருக்கிறேன்.

பிறகு ஜோடி சேரச் சொன்னார். அவளே என்னிடம் வந்து நின்றாள். வலிக்கட்டும் என்றே அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் திணற வேண்டும், மாஸ்டர் அதைப் பார்க்க வேண்டும். அவள் கையை இழுக்கவே இல்லை. இடுப்பை மட்டும் திருப்பினாள். நான் மணலில் கிடந்தேன்.

கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். "இன்னைக்குத்தான்க்கா நெசமா புடிச்சீங்க. மத்தவங்கல்லாம் பூ மாரி புடிச்சிகினு இருக்காங்க. அடுத்த வாரமும் உங்களோடதான்."

அவளுக்கு எதுவும் புரியவில்லை என்று நினைத்தேன். கிளம்பும்போது மாஸ்டர் எங்கள் பக்கம் வந்தார். சுதா சட்டைக் கையை இழுத்துவிட்டு, சிவந்து கிடந்த என் விரல் தடங்களை மூடிக்கொண்டாள்.

இப்போது அதற்கும் சேர்த்துப் பொறாமையாக இருக்கிறது.