இருமல் ஆய்வுகளும் நான் ஜெயித்த சண்டைகளும்

இன்று காலை எழுந்ததும், பல்கூடத் துலக்காமல் லேப்டாப்பைத் திறந்தேன். நம் பட்டியலை ஆய்வுக் குழுத் தலைவருக்கு அனுப்ப வேண்டிய நாள். கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டே போனால், பட்டியலின் ஒரு கட்டத்துக்குள் உன் குறிப்பு: "இதை மட்டும் விட மாட்டேன்டி." சத்தமாகச் சிரித்துவிட்டேன். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் சண்டைக்கு வருகிறாய்.

இருமலைக் கேட்டு நோயைச் சொல்லும் போன் செயலிகள் பற்றி இதுவரை யார், எங்கே, யாரை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள் என்று தேடி, வரைபடம்போல அடுக்கிக் காட்டுவது நம் வேலை. இருவரும் தனித்தனியே படித்து 'வேண்டும்', 'வேண்டாம்' என்று குறிப்போம். ஒத்துப்போகாததைப் பேசித் தீர்ப்போம். சனிக்கிழமைதோறும் பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு, என் வீட்டுக்கு வருவாய். உன் குறிப்பை நான் எட்டிப் பார்க்காதபடி நமக்கு நடுவே டிபன் கேரியரை நிறுத்துவாய். "காப்பியடிக்கிற மூஞ்சிடி உனக்கு!" என்பாய்.

ஒரு நாள் செயலியில் பொய்யாக இருமிப் பார்த்தாய். அது இருமலே இல்லை என்றது. "என் நடிப்பை இதுகூட ஒத்துக்க மாட்டேங்குதே" என்று அன்று முழுக்கப் புலம்பினாய்.

நீ விடாத அந்தக் கட்டுரை, ஒரு நர்ஸ் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் செய்தது.

"நாலு பேரை இரும வெச்சா ஆராய்ச்சியா?" என்றேன்.

"நாம என்ன பரீட்சை பேப்பரா திருத்துறோம்? எங்கெங்க என்ன நடந்திருக்குன்னுதானே பாக்குறோம்?"

"நீயும் நர்ஸா இருந்தவ. அதான் பாசம்."

சிரித்தாய். அடுத்த சனிக்கிழமை பேசலாம் என்று கிளம்பினாய். வியாழக்கிழமை உனக்கு மாரடைப்பு.

இன்று அதைத் திரும்பப் படித்தேன். நீ சொன்னதுதான் சரி. சின்ன ஆய்வு வேண்டாம் என்று நம் விதிகளில் எங்கும் இல்லை, நானாகச் சேர்த்துக்கொண்டது. பிறகு, உன் 'வேண்டும்' எங்கெல்லாம் 'வேண்டாம்' ஆனது என்று தேடினேன். "சரி விடு, உன் வாய்க்கு யார் பதில் சொல்றது" என்று நீ விட்டுக்கொடுத்தவை வரிசையாக வந்தன. பெரும்பாலும் சின்ன ஊர்கள். படத்தில் அந்த இடங்கள் காலியாக இருக்கின்றன. பார்க்கிறவர்கள் அங்கே யாரும் எதுவும் செய்யவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

தலைவர் போன் செய்தார். "முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்ச மாதிரிதான் சார்."

அனுப்பவில்லை. நான் பேசி ஜெயித்த அத்தனையையும் மறுபடி திறக்கப்போகிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. எதிரில் உட்கார்ந்து படிக்க ஒருத்தி வேண்டும். சிரித்துக்கொண்டே எனக்கு விட்டுக்கொடுத்துவிடாத ஒருத்தியாகப் பார்த்துக் கேட்பேன்.