பூந்தமல்லியில் கிடந்த தீர்ப்பு

திருமுல்லைவாயில்,
கார்த்திகை 3, புதன்கிழமை.

அன்புள்ள மோகனா அப்பாவுக்கு,

ஹேமாவதி எழுதிக்கொள்வது. நானும் மகளும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பக்கத்து வீட்டு ஆக்னஸின் வீட்டுக்காரர் லீவு முடிந்து மஸ்கட்டுக்குக் கிளம்புகிறார். அவரிடம் பருப்புப் பொடியும் தைலமும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். கல்யாணப் பேச்சை எடுத்தாலே ‘சிக்னல் சரியில்ல ஹேமா’ என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம் பாருங்கள். பாதியில் வைத்துவிடாமல் படியுங்கள்.

ஆவடி மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று. முகூர்த்தப் புடவை மோகனாவே எடுத்தாள். அரக்கு நிறம். நான் பச்சை பச்சை என்று சொல்லிப் பார்த்தேன், யார் கேட்டார்கள்? மாப்பிள்ளை வீட்டில் ஒரு குறையும் சொல்லவில்லை. திருமுருகனின் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான், நீங்கள் என்றைக்கு வருகிறீர்கள் என்று. நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

என்ன பதில் சொல்வது? போன மாதம் நீங்கள் போனில் சொன்னதைச் சொல்வதா? “எத்திராஜ் அண்ணனும் அண்ணியும் மணையில உக்காந்து தாரை வாத்துக் குடுக்கட்டும் ஹேமா. மஞ்ச நோட்டீஸ் உட்டவன் நானு. நான் வந்து உக்காந்தா சம்பந்தி காதுல எவனாவது ஓதுவான்” என்றீர்கள். நான் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். உங்கள் மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. வைத்த கண் வாங்காமல் என்னைப் பார்த்து, “அப்பா திவாலுன்னு எந்த கோர்ட்டும்மா சொல்லிச்சு? ஆர்டரை யாரு பாத்தீங்க?” என்று கேட்டாள். பட்டறை முழுகி, நம் வக்கீல் கோர்ட்டில் திவால் மனு போட்டு, கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் மஞ்சள் நோட்டீஸ் அனுப்பியபோது அவள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். அம்பத்தூர் மேனாம்பேடு முழுக்க ஒரே நாளில் தெரிந்துவிட்டது. நீங்கள் மஸ்கட்டுக்குப் போனீர்கள், வீட்டை விற்றுவிட்டு நான் இங்கே வாடகைக்கு வந்தேன். அதற்கப்புறம் கோர்ட்டில் என்ன நடந்தது என்று நாம் இருவருமே கேட்கவில்லை. நோட்டீஸ் மஞ்சளாக வந்தால் தீர்ப்பே வந்துவிட்டதாக நினைக்கிறவர்கள்தானே நம் ஜனங்கள். நாமும் அப்படித்தான் நினைத்தோம். வக்கீலும் காலமாகிவிட்டார்.

உங்கள் மகளுக்கு அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் என்ன வேலை என்று நீங்கள் சரியாகக் கேட்டுக்கொண்டதே இல்லை. கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிடுகிறீர்கள். அமெரிக்காவில் ஒருவர் வீடோ நிலமோ விற்றால், அவர் எப்போதாவது திவாலானவரா என்று அந்த ஊர் கோர்ட் பதிவுகளைத் தேடிச் சொல்வது அவள் வேலை. மனிதரைவிட மாடு அதிகம் இருக்கும் பட்டிக்காட்டு கவுண்டிகள் எல்லாம் அவள் குழுவிடம்தான் வரும். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரியாம். புதிதாகச் சேரும் பெண்கள் அந்தந்த ஊர் கோர்ட்டிலேயே தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதிவிடுவார்களாம். திவால் வழக்கு அங்கே அந்த ஊர் கோர்ட்டுக்கு வராதாம். பல கவுண்டிகளுக்குச் சேர்த்து எங்கோ ஒரு பெரிய ஊரில் நடக்குமாம். “ஊரைப் பாக்காதீங்கடி, அந்த ஊரு எந்த கோர்ட்டுல சேந்துதுன்னு பாருங்க” என்று இவள்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். இன்னொன்றும் சொன்னாள். மனு போட்டதை மட்டும் வைத்து ஒருத்தரையும் திவால் என்று எழுதக் கூடாதாம், முடிவு என்ன ஆனது என்று பார்த்த பிறகுதான் எழுத வேண்டுமாம். அமெரிக்காக்காரனுக்கு இருக்கும் அந்த மரியாதை எங்கப்பாவுக்கு மட்டும் இல்லையா என்று கேட்டாள்.

அவள் லீவு போட்டாள், நானும் கூடவே போனேன். இவ்வளவு சொல்லிக்கொடுக்கிறவளே முதலில் சறுக்கினாள். அம்பத்தூர் இப்போது சென்னைதானே என்று நேரே ஹைகோர்ட்டுக்குப் போனோம். கால் கடுக்க நின்றதுதான் மிச்சம், உங்கள் பெயரில் ஒன்றும் இல்லை என்றார்கள். படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள். நீங்கள் நோட்டீஸ் அனுப்பிய வருஷம் அம்பத்தூர் சென்னையே இல்லை, திருவள்ளூர் மாவட்டம். அந்த ஊர் வழக்கு அப்போது எங்கே போகும்? பூந்தமல்லிக்கு. நமக்கு வீட்டு வரி ரசீது மாறியது தெரியும், பஸ் நம்பர் மாறியது தெரியும், இது தோன்றவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற போலீஸ்கார அம்மா திரும்பிப் பார்த்தார்.

பூந்தமல்லியில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்து மனு போட்டோம். பழைய கட்டுகளில் தேட நாளாகும் என்றார்கள். நாளானது. எனக்கு சோறு இறங்கவில்லை. உள்ளதும் போய்விடுமோ, எழுத்திலேயே உங்களைத் திவால் என்று பார்க்க வேண்டி வருமோ என்று பயம். தேட வேண்டாம், விட்டுவிடலாம் என்றுகூட அவளிடம் சொன்னேன். “இன்னா இருந்தாலும் தெரிஞ்சிக்கினு பேசலாம்மா” என்றாள். உங்கள் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

நகல் வந்துவிட்டது. இத்துடன் வைத்திருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மனுதாரர் ஆஜராகாததால் மனு தள்ளுபடி. அவ்வளவுதான். நீங்கள் மஸ்கட்டில் இருந்தீர்கள், விசாரணைக்கு யாரும் போகவில்லை, கோர்ட் அந்த மனுவை மூடிவிட்டது. உங்களைத் திவால் என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. வக்கீலம்மா இன்னொன்றும் விளக்கினார். கோர்ட் உத்தரவு இல்லாததால், கடன் கொடுத்தவர்களிடமிருந்து அந்த நோட்டீஸ் உங்களைக் காப்பாற்றவே இல்லையாம். நோட்டீஸ் கொடுத்தவர்கள் கையை விரித்துவிட்டு உட்காருவதைத்தான் அவர் பார்த்திருக்கிறாராம். நீங்கள் மஸ்கட்டிலிருந்து ஒவ்வொருவர் கடனையும் அடைத்ததை நான் சொன்னதும், எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். “இன்னும் பாக்கலீங்க, அவர் மஸ்கட்டுல கீறாரு” என்றேன். எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்லத் தெரியவில்லை. வெயிலில் வெல்டிங் வைத்து, பண்டிகைக்குச் சட்டை எடுக்காமல், வருஷக்கணக்காக அனுப்பிய மனுஷனின் பெண்டாட்டி நான். பூந்தமல்லி பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன்.

சம்பந்தி காதில் ஓதுவார்கள் என்று பயந்தீர்களே, உங்கள் மகள் பூ வைப்பதற்கு முன்னாலேயே திருமுருகனிடம் எல்லாம் சொல்லிவிட்டாளாம். என்னிடம்கூடச் சொல்லவில்லை, கள்ளி. “கடனை அடைச்ச மனுசனைப் பாக்கணும்னுதான் எங்க ஊட்ல கேட்டுகினே இருக்காங்க” என்றாராம் மாப்பிள்ளை.

இரும்புக் கடை கோதண்டம் அண்ணனுக்கும் பத்திரிகை வைக்கப் போனேன். நம் வாசலில் நின்று கத்திய அதே கோதண்டம்தான். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். நகலைக் காட்டலாம் என்று பையில் கொண்டுபோயிருந்தேன், அவர் அதை வாங்கக்கூட இல்லை. “அத்த இன்னாத்துக்குமா என்னாண்ட காட்ற? எங்காசு எப்பவோ வந்துச்சு. இளங்கோ வரானா இல்லியா, அதச் சொல்லு. அவன் வரலன்னா நான் யார் கையப் புடிச்சிகினு பேசறது?” என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

லீவில் வரும்போதெல்லாம் வேப்பம்பட்டில் அண்ணன் வீட்டிலேயே தங்கிக்கொண்டீர்கள். ரயில் அம்பத்தூரில் நின்றால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். நான் அப்போதெல்லாம் ஒன்றும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். எத்திராஜ் மாமாவிடமும் பேசிவிட்டேன். தம்பி இருக்கும்போது நான் மணையில் உட்கார மாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். மோகனாவின் கையை உங்கள் கைதான் பிடித்துக் கொடுக்க வேண்டும். அவளுக்கு அதைவிட வேறு சீர் வேண்டாமாம்.

கோர்ட் உங்களைத் திவால் என்று சொல்லவில்லை. ஊரும் சொல்வதை நிறுத்திவிட்டது. இன்னும் அப்படிச் சொல்லிக்கொண்டிருப்பது நீங்கள் ஒருவர்தான். போதும், விட்டுவிடுங்கள்.

தை பிறப்பதற்குள் வந்துவிடுங்கள். திரும்பிப் போக இப்போதே டிக்கெட் எடுக்க வேண்டாம். வருவதற்கு மட்டும் எடுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
ஹேமாவதி