படத்தில் என் பக்கத்தில் இருப்பவள்

ஹாம்ட்ராமிக், மிச்சிகன்
9 அக்டோபர் 1955

அன்புள்ள மகன் ஸிக்மண்டுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் மருமகளும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். உன் அம்மாவை அடக்கம் செய்த பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

போன வாரப் பத்திரிகை நீ இருக்கும் கலிபோர்னியாவிலும் விற்றிருக்கும். அதில் நம் வீட்டு வாசலில் நம் பச்சைக் கார் நிற்கிறது. உள்ளே நான், பக்கத்தில் ஒரு பெண். கீழே 'ஞாயிறு உலாவுக்குக் கிளம்பும் தம்பதி' என்று போட்டிருக்கிறார்கள். நீ தப்பாக எண்ணிவிடாதே. அது எதிர்வீட்டு யாட்விகா.

ஆகஸ்டில் நியூயார்க்கிலிருந்து ஒரு படக்காரர் வந்தார். கார் ஆலைத் தொழிலாளிகளை அவரவர் காரோடு படம் எடுக்கிறாராம். என்னை உள்ளே உட்காரச் சொல்லி, கேமராவில் பார்த்துவிட்டு, "பக்கத்து சீட்டு காலியா இருந்தா படம் மொட்டையா தெரியுது. வீட்டம்மாவக் கூப்பிடுங்க சார்" என்றார். உன் அம்மா இறந்துபோனது அவருக்கு எப்படித் தெரியும்? வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த யாட்விகாதான், "அந்த மனுஷன எதுக்குப் போட்டுக் கேக்கறீங்க, நான் உக்காருறேன்" என்று ஏறிக்கொண்டாள். சிரிக்கச் சொன்னார். சிரித்தேன்.

இப்போது சர்ச் வாசலில் என்னைப் பார்த்து, "என்ன போலெக், பாதிரியாருக்கே சொல்லாம கல்யாணமா?" என்று கேட்கிறார்கள். பாவம், யாட்விகா ஞாயிறுதோறும் சூப் கொண்டுவருவாள். அதையும் நிறுத்திவிட்டாள். சன்னல் திரையைக்கூட விலக்குவதில்லை. நான் யாரிடமாவது மனம்விட்டுப் பேசி ஒரு வாரமாகிறது.

அடக்கத்தன்று நீ கேட்டாய்: "அம்மாவ என்னப் பாக்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லித்தான கார் வாங்கினீங்க? சர்ச்சத் தாண்டி எங்கப்பா போச்சு அது?" அதற்கு இன்று பதில் சொல்கிறேன். ஓவர்டைம் என்றும் அடுத்த கோடை என்றும் உன் அம்மாவிடம் மூன்று வருடம் சாக்குச் சொன்னேன். உண்மை வேறு. உன் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று கத்தியவன், எந்த முகத்தோடு உன் வாசலில் வந்து நிற்பேன்? அந்த வெட்கத்தை அவளிடம்கூடச் சொல்லவில்லை. உன்னைப் பார்க்க வருவதற்காகக் கட்டிவைத்த துணிப்பெட்டியை அவள் கடைசிவரை பிரிக்கவே இல்லை.

புது மாடலுக்காக ஆலையை மூன்று வாரம் மூடியிருக்கிறார்கள். நீ என்னை மன்னிக்க வேண்டாம். உன் வீட்டு முன்னால் ஒரு கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்று மட்டும் ஒரு வரி எழுது.

மாதா உங்கள் இருவருக்கும் துணையிருப்பாளாக.

உன் அப்பா,
போலஸ்லாவ்