கடல் இல்லாத ஊரில் ஒரு கமாண்டர்

4 அக்டோபர் 1926, லாபிஸ், மலாயா
தோட்டத்துக்குப் புது துரை வந்துவிட்டார். இங்கிலாந்தில் பெரிய பிரபுவின் இளைய மகனாம். போர்க்கப்பலில் கமாண்டராக இருந்தவராம். கடல் இருக்கும் மூவாரை விட்டுவிட்டு, ரப்பர் மரம் மட்டுமே இருக்கும் லாபிஸுக்கு வந்திருக்கிறார். திசைகாட்டி பழுது போலும்.

11 அக்டோபர்
காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக்கு விசில் ஊதுகிறார். நான் டிரஸ்ஸராக மருந்து கொடுக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, என் மருந்து அலமாரியை வெள்ளைத் துணியால் தடவித் தூசி பார்த்தார். கங்காணி சபாபதி கேட்கிறான்: "டிரஸ்ஸரய்யா, கப்பலு எப்போ கெளம்புது?"

2 நவம்பர்
கமாண்டருக்கு மலேரியா. கொசுவுக்குப் பரம்பரைப் பெருமை தெரியவில்லை. குயினைன் கொடுக்கப் போன என்னை உட்காரவைத்து வாழ்க்கை வரலாறு சொன்னார். பதின்மூன்று வயதில் கடற்படைப் பள்ளி. யுத்தத்தில் பக்கத்துக் கப்பலை ஜெர்மன்காரன் மூழ்கடித்தான். நிற்காமல் போ என்று மேலிடத்து உத்தரவு. இவர் கப்பலை நிறுத்தி, தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்கினாராம். விசாரணை. தவறு என்று ஒப்புக்கொண்டால் கப்பல் திரும்பக் கிடைக்கும் என்றார்களாம். மாட்டேன் என்றாராம்.
அந்தக் காய்ச்சல் வந்தால் நானும் அட்மிரல்தான்.

28 டிசம்பர்
மழை விடவில்லை. கூலிகள் குடியிருக்கும் கீழ் லயத்தில் முழங்கால் தண்ணீர்.

29 டிசம்பர்
ஆறு கரையை உடைத்துவிட்டது. கீழ் லயத்து ஜனங்கள் கூரைமேல். இருப்பதோ ஒரே சம்பான் படகு. ஸ்டோரிலுள்ள ரப்பரை முதலில் ஏற்று என்று கம்பெனியிடமிருந்து தந்தி. துரை படித்தார், மடித்துப் பையில் வைத்தார். "டிரஸ்ஸர், ஏறு" என்றார்.
எனக்கு நீச்சலே தெரியாதே! அதை யாரு கேட்டா?
ஒரு கூரைமேல் ரப்பர் பால் வெட்டும் வெள்ளையம்மா, நிறைமாதம். சம்பானில் இன்னும் ஒருவருக்குத்தான் இடம். "எம் புருசன விட்டுட்டு நான் எறங்க மாட்டேன்!" என்று அலறுகிறாள். துரை கழுத்தளவு தண்ணீரில் நின்று கையை நீட்டினார். அவருடைய படுமோசமான தமிழில், "பயம் வாண்டாம். நீ மொதல். புருசன் அடுத்து. நான் திரும்பி வரும்" என்றார்.
இறங்கினாள். சொன்னபடியே திரும்பிப் போய் அவனையும் கொண்டுவந்தார். லயத்து ஜனம் மொத்தமும் மேட்டுக்கு வந்துவிட்டது. ரப்பர் ஸ்டோர் ஆற்றோடு போயிற்று.
அப்படியென்றால் — அந்தக் காய்ச்சல் கதை நிஜம்தானா?

20 ஜனவரி 1927
துரைக்கு வேலை போய்விட்டது. கம்பெனி பாராட்டும் முறை இது. வருத்தம் தெரிவித்து எழுதினால் யோசிப்பார்களாம். அவர் பெட்டி கட்டுகிறார்.

24 ஜனவரி
லாபிஸ் ஸ்டேஷன். லயமே திரண்டு வந்திருந்தது. துரை என் கையைக் குலுக்கிவிட்டு ஏறினார். ரயில் போனதும் சபாபதி, "என்னாங்க டிரஸ்ஸரய்யா, இன்னிக்கு ஒரு கிண்டலும் காணோம்?" என்றான்.
வீட்டுக்கு வந்ததும், திசைகாட்டி பழுது என்று அக்டோபரில் எழுதிய வரியை அடித்துவிட்டேன்.