ஆணத்தில் உப்பில்லை

அன்புள்ள மச்சானுக்கு,

என் கழுத்து வீக்கத்துக்கு அயடின் உப்பு வாங்கச் சொன்னார் டொக்டர். "உப்பளக்காரன் வீட்டுல கடை உப்பா? ஊர் சிரிக்கும்" என்றீர்கள். நானும் நம் பாத்தி உப்பையே போட்டுச் சமைத்தேன்.

நேற்று உங்கள் தங்கச்சி நுஸ்கியா வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் அயடின் உப்புப் பக்கற் இருந்தது. "எங்கட நானா, உங்கட மச்சான்தான் வாங்கித் தந்தார் மதினி. புள்ளத்தாச்சிக்கு நல்லமாம். ஆணத்த அடுப்பால இறக்கிப்போட்டுத்தான் போடோணுமாம்" என்றாள்.

அது டொக்டர் எனக்குச் சொன்னது, மச்சான். பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டவர் நீங்கள்.

அவள் வயிற்றுப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். அவள் கழுத்தும் அழகாகவே இருக்கட்டும்.

உப்பளத்துக்கு அனுப்பும் இந்தச் சோற்றுப் பார்சலில் மீன் ஆணம் இருக்கிறது, உப்பு இல்லை. நீங்கள் பக்கற்றோடு வீட்டுக்கு வரும்வரை இருக்காது.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சியாகப் பிறக்காதவள்