பெருமாள் காலடிக்குப் போன பிஸ்டல்

புரட்டாசி மூன்றாம் சனி, இரவு.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. காலையில் ராஜபாளையத்திலிருந்து துப்பாக்கி சுடும் போட்டிக்காக ரேஞ்சுக்குக் கிளம்பும்போது எல்லாம் முறைப்படிதான் வைத்தேன். பிஸ்டல் பூட்டிய பெட்டியில், தோட்டா வேறொரு பெட்டியில், லைசென்ஸ் என் கைப்பையில். காரை ஓட்டியவர் என் வீட்டுக்காரர். போட்டிக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில், மலைமேல் பெருமாளைக் கும்பிட்டுப் போகலாம் என்றார். அடிவாரத்தில் அவரைக் காருக்குக் காவல் வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன். திரும்பி வந்தால் டிக்கி திறந்து கிடக்கிறது. அந்த மனிதர் பிஸ்டல் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு படியேறுகிறார்!

ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

"ஏட்டி, பெருமாள் காலடியில வச்சு எடுத்தா மெடல் வரும்லா?"

"லைசென்ஸ் எம்பேர்ல இருக்கு. மேல போலீஸ்காரங்க பையச் சோதிக்காங்க. உங்க கையில பிடிபட்டா ரெண்டு பேருக்கும் கேஸு."

"பொண்டாட்டி சாமானப் புருசன் தொடக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"ஆயுதச் சட்டத்துல."

படியில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. ரேஞ்சில் அந்த ஆத்திரத்தோடுதான் சுட்டேன். ஒரு குண்டும் நடுவில் விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் தன் அம்மாவிடம் சொல்கிறார்: "சாமி காரியத்தத் தடுத்தவ பொறவு எப்படி ஜெயிப்பா?"

இப்போது பக்கத்தில் குறட்டை விடுகிறார்.

பிஸ்டல் பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிச் சங்கிலியில் கோத்துவிட்டேன். சங்கிலி அவர் போட்டது. சாவி என்னுடையது.